நாற்பத்தொன்றாம் நம்பர் பூட்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் என் செருப்புக் கடையில் இரண்டு தடவை வேலைக்குச் சேர்ந்த ஒரே ஆள் சௌந்தரபாண்டியன். முதல் தடவை 1973இல், பதினெட்டு வயதில், கான்சாபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தான். இரண்டாம் தடவை 1991இல், பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து. இரண்டு தடவையும் முதலாளி நான்தான். மைதீன் பிச்சை என்று போர்டில் போட்டிருக்கும். கோபக்காரன் என்று பஜாரில் என்னைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவனைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலில் என் கடையைப் பற்றி எழுத வேண்டும், அதுவே எனக்குக் கசப்பாக இருக்கிறது.

என் கடை சின்னது, பரண் பெரியது. கீழே கையெட்டும் தூரத்தில் கொஞ்சம் பெட்டிகள் இருக்கும், மீதியெல்லாம் பரணில். ஒருவர் வந்து எட்டாம் நம்பர் செருப்பு கேட்பார். எட்டு பரணில் கிடக்கும். ஏணியைச் சாத்தி ஏறி, பத்துப் பெட்டிகளை நகர்த்தி, தூசியில் தும்மி, எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? கீழே ஏழு இருந்தால் அதை எடுத்து நீட்டி, "எட்டு தீந்துபோச்சு அண்ணாச்சி. இதப் போட்டுப் பாருங்க. தோல்தான, நடக்க நடக்கக் குடுக்கும்" என்போம். அவரும் காலை நுழைத்து, நாலடி நடந்து, முகத்தைச் சுளித்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார்.

இதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. தோல் கொடுக்கத்தான் செய்யும். விளக்கெண்ணெய் தடவி, ஒரு வாரம் கடியைப் பொறுத்துக்கொண்டால் ஏழு எட்டாகிவிடும். எங்கள் பக்கத்தில் செருப்பை இறுக்கமாகத்தான் வாங்குவார்கள். தொளதொளவென்று வாங்கியவனைத்தான் ஏமாந்தவன் என்று கேலி செய்வார்கள். ஆகவே ஊர்ப் பழக்கமும் எங்கள் சோம்பேறித்தனமும் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்தன. நான் இதைச் சொன்ன தடவைகளுக்குக் கணக்கே கிடையாது. சௌந்தரபாண்டியன் மூன்று வருஷம் என் பக்கத்தில் நின்று சொன்னான். என்னைவிட நன்றாகச் சொல்வான். பெருவிரல் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் யோசித்து, அப்புறம் சொல்வான். அவன் சொன்னால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

1976இல் மதுரையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள், போய்விட்டான். செருப்புக் கடையில் இருந்தவன் என்று தெரிந்ததும் அவனைக் கம்பெனி என்கிற படைப்பிரிவின் ஸ்டோரில் போட்டுவிட்டார்களாம். புதிதாக வருகிறவர்களுக்குப் பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிற வேலை. துப்பாக்கி பிடிக்கப் போனவன் அங்கேயும் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறானே என்று நான் சிரித்தேன். லீவில் வரும்போது கடைக்கு வந்து, "நானூறு பேரு காலு எனக்கு மனப்பாடம் மொதலாளி. மூஞ்சிதான் மறந்துபோவும்" என்பான். அந்தப் பெருமை அவனுக்கு நிறையவே உண்டு.

தவசிமுத்து அந்தக் கம்பெனிக்கு மாற்றலாகி வந்தது 1984இல். வத்திராயிருப்புக்காரன், சௌந்தரபாண்டியனைவிட மூன்று வயது சின்னவன். பூட்ஸ் வாங்க வரிசையில் நின்றபோது, "எம்புட்டு நேரம்லே நிக்கது" என்று தனக்குள் முணுமுணுத்தது சௌந்தரபாண்டியன் காதில் விழுந்ததாம். அத்தனை இந்திக்கு நடுவில் அதைக் கேட்டதும் ஸ்டோர் ஜன்னலைத் தாண்டி வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கான்சாபுரத்துக்கும் வத்திராயிருப்புக்கும் எவ்வளவு தூரம்? நடந்தே போய்விடலாம். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் அது ஒரே வீடு மாதிரி. அன்றிலிருந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தவசிமுத்து வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், இவன் கருப்பசாமி கும்பிடுகிறவன். அதனால் ஒன்றும் குறையவில்லை.

1987 பிப்ரவரியில் கம்பெனி காஷ்மீரத்தில் ஒரு கணவாய்க்கு மேலே இருந்தது. இடத்தின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால், "அதச் சொல்லக் கூடாது மொதலாளி" என்பான், பென்ஷன் வாங்கிய பிறகும். அங்கே பனி ஆள் உயரத்துக்கு விழுந்து கிடக்கும். பூட்ஸ் காலோடு நடந்தால் இடுப்பு வரை புதைந்துவிடும். அதற்காக எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, பனிச்சறுக்குப் பலகையில் மலை ஏறி இறங்கப் பழக்கியிருந்தார்கள். காலுக்கு ஒன்றாக இரண்டு நீளப் பலகை. ஏறும்போது அடியில் ஒரு ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டால் பின்னால் வழுக்காது. எட்டுப் பேரில் தவசிமுத்து ஒருவன். மலையடிவாரத்தில் வளர்ந்தவன் அல்லவா, ஏறுவதற்குச் சலிக்கவே மாட்டான். பனியைப் பார்த்தே இராத வத்திராயிருப்புக்காரனை அந்த எட்டில் சேர்த்தது அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த எட்டுப் பேரும் பேட்ரோலுக்கு, அதாவது எல்லை ரோந்துக்கு, புறப்படுவதற்கு நாலு நாள் முன்னால் வெளிநாட்டுப் பூட்ஸும் பலகையும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. வெளியே கெட்டியான பிளாஸ்டிக் கூடு, உள்ளே கம்பளிப் பூட்ஸ் ஒன்று தனியாக. நம்பர் எல்லாம் நம் ஏழு, எட்டு மாதிரி இல்லாமல் நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று இருந்தது. பழக்கிக்கொடுத்த ஹவில்தார் இமயமலைப் பக்கத்துக் கடுவால்காரர். அவர் எல்லோரையும் நிற்க வைத்து இந்தியில் சொன்னதை சௌந்தரபாண்டியன் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். இரண்டு கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் பூட்ஸைப் போட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே பத்து விரலும் அசைய வேண்டும். அசையாத விரல் செத்த விரல்.

ஏழு பேருக்குச் சிக்கல் இல்லாமல் பூட்ஸ் அமைந்துவிட்டது. தவசிமுத்துவின் கால் மட்டும் ஒரு தினுசு. நீளமான கால், ஒடுங்கிய குதி. நாற்பத்திரண்டு போட்டால் விரல் நன்றாக அசைந்தது, ஆனால் குதி மேலே எழும்பியது. அப்படி எழும்பினால் ஏறும்போது உராய்ந்து கொப்புளம் வரும், இறங்கும்போது பலகை காலின் சொல் கேட்காது. நாற்பத்தொன்று போட்டால் குதி கச்சிதமாக உட்கார்ந்தது, விரல் போய் முட்டியது. நாற்பத்திரண்டைக் கொடுத்து, குதிக்கு அடியில் கம்பளித் துண்டு வைத்து, கணுக்கால் கொக்கியை இன்னும் ஒரு பல் இறுக்கியிருந்தால் சரியாகப் போயிருக்கும். ஹவில்தாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர் பத்தடி தள்ளித்தான் நின்றார். கேட்டால் தன் மவுசு என்னாவது? கால் விஷயத்தில் சௌந்தரபாண்டியன் இன்னொருவரைக் கேட்பதா?

கட்டைவிரலால் நுனியை அமுக்கிப் பார்த்தான். பிளாஸ்டிக்கை அமுக்கி என்ன தெரியும்? ஆனாலும் அமுக்கினான்.

"நாப்பத்தொண்ணே போட்டுக்கோ தவசி. நடக்க நடக்கக் குடுக்கும்."

என் கடையின் வார்த்தை அது. தோலுக்குச் சொன்னது. இரண்டாயிரம் மைல் தாண்டிப் போய், கொடுக்கவே கொடுக்காத ஒரு பொருளின் மேல் உட்கார்ந்துகொண்டது.

அதோடு வேலை முடிவதில்லை. பூட்ஸைப் பலகையோடு பிடித்துக்கொள்ள பைண்டிங் என்று ஒரு இரும்புப் பூட்டு உண்டு. ஏறும்போது பூட்ஸின் முன்நுனியை மட்டும் பிடித்திருக்கும், குதியைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கலாம். இறங்கும்போது குதியையும் பூட்டிவிட வேண்டும். பூட்ஸின் நீளத்துக்குத் தகுந்தபடி அந்தப் பூட்டை நகர்த்தித் திருகு முடுக்குவது ஸ்டோர்க்காரன் வேலை. பலகைக்கு நாலு திருகு. கையுறை போட்டால் திருகு பிடிபடாது, கழற்றினால் இரும்பு தோலில் ஒட்டும். தவசிமுத்துவின் இரண்டு பலகைகளையும் நாற்பத்தொன்றுக்கு முடுக்கி முடிப்பதற்குள் சௌந்தரபாண்டியனின் விரல் நுனியெல்லாம் உரிந்துபோனது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் தவசிமுத்து ஸ்டோருக்கு வந்தான்.

"அண்ணே, விரல் முட்டுது. செத்த நேரம் நடந்தாலே மரமரங்குது. நாப்பத்திரண்டு ஒரு ஜோடி இருந்தா மாத்திக் குடுங்க."

நாற்பத்திரண்டு ஒரு ஜோடி இருந்தது. பின்னால் மேல்தட்டில், பெட்டியைப் பிரித்தபடியே இருந்தது. அதைக் கொடுத்தால் எட்டுத் திருகையும் கழற்றி மறுபடியும் முடுக்க வேண்டும். சௌந்தரபாண்டியன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"நாப்பத்திரண்டு தீந்துபோச்சே தம்பி. புதுசு அப்படித்தான் பிடிக்கும். ஒரு நா பொறுத்துக்கோ."

தவசிமுத்துவும் வற்புறுத்தவில்லை. பூட்ஸ் சரியில்லை என்று பெரிய இடத்துக்குப் போனால் தன்னை எட்டிலிருந்து கழித்துவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம். "சரிண்ணே" என்று போய்விட்டான்.

இரண்டு நாளில் திரும்ப வேண்டிய பேட்ரோல். முதல் நாள் சாயங்காலம் பனிப்புயல் பிடித்தது. பனியைத் தோண்டிக் குழி பறித்து எட்டுப் பேரும் உள்ளே நாலு நாள் கிடந்தார்கள். ஐந்தாம் நாள் தேடிப் போன கூட்டத்தில் சௌந்தரபாண்டியனும் இருந்தான். ஸ்டோர்க்காரன் போக வேண்டிய அவசியமே இல்லை, கெஞ்சி வாங்கிக்கொண்டு போனான். ஏழு பேர் தாங்களாகவே எழுந்து நின்றார்கள். தவசிமுத்துவால் நிற்க முடியவில்லை. அவனை முதுகில் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் இறங்கியிருக்கிறான் சௌந்தரபாண்டியன். பாதி வழியில் மற்றவர்கள் மாற்றிக்கொள்ளக் கேட்டும் கொடுக்கவில்லை.

கீழே வந்து பூட்ஸைக் கழற்றினார்கள். பத்து விரலும் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துக் கெட்டியாக இருந்தனவாம். தட்டினால் சத்தம் கேட்டது என்றான். அதைச் சொல்லும்போது என் கடை மேஜையை விரலால் தட்டிக் காட்டினான். மற்ற ஏழு பேருக்கும் கன்னத்திலும் மூக்கிலும் தோல் உரிந்ததோடு சரி. அவர்கள் விரல்கள் உள்ளே அசைந்துகொண்டே இருந்தன, ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. தவசிமுத்துவின் விரல்கள் கறுத்துப்போக ஒரு வாரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு இரண்டு பாதத்திலும் பாதியை எடுத்தார்கள்.

இருபத்தொன்பது வயதில் தவசிமுத்து ஊருக்குத் திரும்பினான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. பட்டாளத்துக்காரன், உட்கார்ந்து பார்க்கிற வேலை. மனைவி கிருபாபாய் அங்கேயே பேண்டேஜ் துணி மடிக்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பகலெல்லாம் ஊராருக்குக் கட்டுத்துணி மடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டில் புருஷன் காலுக்குக் கட்டுப் போடுவாள். அந்தப் புண் மூன்று வருஷம் ஆறவில்லை.

அவனும் ஆறவில்லை. குடித்தான், தட்டை விட்டெறிந்தான், வேதக்கோயிலுக்கு வரமாட்டேன் என்றான். "என் காலப் பிடுங்குன ஆளுக்கு நான் எதுக்கு முட்டுப்போடணும்" என்று போதகர் ஐயரிடமே கேட்டானாம். முழங்காலில் நிற்கவும் அவனால் முடியாது என்பது வேறு விஷயம். இதெல்லாம் கிருபாபாய் சொல்லி எனக்குத் தெரியும். 1990இல் ஒரு நாள், என்ன நடந்ததோ, தானாகவே குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தான். அதோடு குடியை விட்டான். அந்த வருஷத்திலிருந்து பிப்ரவரி மாதம், மலையிலிருந்து அவனை இறக்கின தேதியில், வீட்டில் ஜெபக் கூட்டம் வைப்பான். தெருவில் எல்லோரையும் கூப்பிடுவான். சௌந்தரபாண்டியன் ஊருக்கு வந்த பிறகு அவனையும், அவனோடு சேர்த்து என்னையும் கூப்பிட்டான். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுவிட்டு வருவேன்.

கூட்டத்தில் தவசிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சாட்சி சொல்வான். ஐந்து வருஷம் கேட்டதில் எனக்கே பாடமாகிவிட்டது. "என் காலுக்கு அளவான பூட்ஸ் அன்னைக்கு இல்ல. இருந்ததப் போட்டுக்கிட்டுப் போனேன். மொத நா சாயங்காலம் வலி நின்னுபோச்சு. அண்ணன் சொன்னது சரிதான், பூட்ஸ் குடுத்துருச்சுன்னு சந்தோசப்பட்டேன். வெரலு செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியல. ஏன் ஆண்டவரே எனக்கு மட்டும்னு மூணு வருசம் கேட்டேன். அவரு வெரல எடுத்துக்கிட்டு உசுரக் குடுத்தாரு. அதுக்கு ஒரு ஆளயும் அனுப்புனாரு. இந்தா ஒக்காந்திருக்காக, சௌந்தரண்ணன். இவுக முதுகுலதான் நான் உசுரோட வந்தேன்." எல்லோரும் அல்லேலூயா சொல்லித் திரும்பிப் பார்ப்பார்கள். சௌந்தரபாண்டியன் தலையைக் குனிந்திருப்பான். அடக்கமான மனுஷன் என்று நான் நினைத்துக்கொண்டேன். மடையன் நான்.

கடையில் அவன் செய்ததெல்லாம் வேறு மாதிரி இருந்தது. திரும்பி வந்த சௌந்தரபாண்டியன், யார் எந்த நம்பர் கேட்டாலும் ஏணியில் ஏறினான். பரணையே தலைகீழாகப் புரட்டினான். ஒரு செருப்பு கொஞ்சம் பிடித்தால் போதும், "இத வாங்காதீய" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொள்வான். வாங்குகிறவர் போதும் என்பார், இவன் போதாது என்பான். 1996 தீபாவளிக்கு முந்தின வாரம், பெத்தம்மாள் டீச்சர் என்று எங்களுக்குப் பழைய வாடிக்கை, ஆசைப்பட்டு எடுத்த செருப்பைக் கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டான். "ஒங்களுக்கு வெரல் முட்டுது. நான் தர மாட்டேன்" என்று கத்தினான். கடை முழுக்கக் கூட்டம். டீச்சர் அழுகிற மாதிரி எழுந்து போய்விட்டார்.

கூட்டம் குறைந்ததும் பிடித்துக்கொண்டேன். "பட்டாளத்துல ஒனக்கு மூளை கழண்டுபோச்சாலே? செருப்பு விக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் ஏணியின் முதல் படியில் உட்கார்ந்து அழுதான். நாற்பது வயது தாண்டிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதுதான் நாற்பத்தொன்றைப் பற்றிச் சொன்னான். ஹவில்தார் சொன்னது, தான் கேட்காமல் விட்டது, நடக்க நடக்கக் கொடுக்கும் என்றது. அவ்வளவுதான் சொன்னான். மேல்தட்டில் இருந்த நாற்பத்திரண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒவ்வொரு வருசமும் என்னக் கைகாட்டிச் சாட்சி சொல்லுதான் மொதலாளி. அங்க ஒக்காந்திருக்க முடியல. போகாமயும் இருக்க முடியல."

நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் பேசுவதுதான் எனக்குப் பிறவிக்குணம். "போய்ச் சொல்லிரு" என்றேன். "எங்க மார்க்கத்துல மனுசனுக்குச் செஞ்ச தப்ப அல்லா மன்னிக்க மாட்டான். அந்த மனுசன்தான் மன்னிக்கணும். தெரியாமச் செஞ்சதுதான, அவன் மன்னிச்சிருவான். ஒனக்கும் பாரம் இறங்கும்."

மூன்று மாதம் நச்சரித்தேன். அவன் பாரம் இறங்க வேண்டும் என்று மட்டும் நான் சொன்னதாக இப்போது சொல்ல மாட்டேன். டீச்சர்மாரை விரட்டாத ஆள் கடைக்கு எனக்கு வேண்டியிருந்தது. அந்த வார்த்தை என் கடையில் பிறந்தது என்பதும் உறுத்தியது. அவன் சொல்லி, தவசிமுத்து மன்னித்துவிட்டால், எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கிடைத்த மாதிரி இருக்கும் என்று ஒரு கள்ள நினைப்பு.

1997 பிப்ரவரி, பத்தாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் முடிந்து தெரு ஆட்கள் கலைந்தார்கள். கிருபாபாய் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தவசிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து, கட்டையான பாதங்களை முன்னால் நீட்டியிருந்தான். சௌந்தரபாண்டியன் போய் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"தவசி, ஒரு விசயம் சொல்லணும்."

சொன்னான். எனக்குச் சொன்ன அளவுக்குச் சொன்னான். தவசிமுத்து கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இதத்தான் இம்புட்டு வருசமா முழுங்கிக்கிட்டு இருந்தீயளா? நானும்லாண்ணே போட்டுப் பாத்தேன். ஒங்க மேல என்ன இருக்கு? தெரியாமச் செஞ்சதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? மாத்திக்கலாம்னு வந்தப்ப நாப்பத்திரண்டு தீந்துபோச்சு, எனக்குன்னு இருந்ததே அந்த ஒரு ஜோடிதான்." குனிந்து அவன் தோளில் கை வைத்தான். கிருபாபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தேவிட்டேன்.

சௌந்தரபாண்டியன் எழுந்திருக்கவில்லை.

"இல்ல தவசி. இன்னொரு ஜோடி இருந்துச்சு."

"என்னது?"

"நாப்பத்திரண்டு. மேல்தட்டுல இருந்துச்சு. நீ முந்துன நா வந்து கேட்டப்ப, இருந்துக்கிட்டேதான் தீந்துபோச்சுன்னு சொன்னேன்."

எனக்கும் அப்போதுதான் தெரியும். நான் அவனைத் தடுத்திருக்கலாம், வாயைப் பொத்தியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து என் வாய் அடைத்துக்கொண்டது.

"ஏண்ணே?" என்றான் தவசிமுத்து.

"பைண்டிங்க மறுபடியும் கழத்தி முடுக்கணும். கையெல்லாம் உரிஞ்சு கெடந்துச்சு. அதான்."

"எத்தன திருகு?"

"எட்டு."

தவசிமுத்து தன் பாதங்களைப் பார்த்தான். திட்டவில்லை, எதையும் எறியவில்லை. அவன் எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி மெதுவாகப் பேசினான்.

"மூணு வருசம் ஆண்டவரோட மல்லுக்கு நின்னேண்ணே. நாய் மாதிரி கெடந்து, அடிச்சு, புடிச்சு, கடைசியில சமாதானமானேன். அவருக்கு என்னமோ ஒரு காரணம் இருக்கும்னு விட்டேன். இப்ப காரணம் ஒங்க கை உரிஞ்சதுங்கீய. இனி ஒங்களோட மொதல்லருந்து மல்லுக்கு நிக்கணும். எனக்குத் தெம்பு இல்லண்ணே. போயிட்டு வாங்க."

கிருபாபாய் வாசல் வரை வந்து எங்களை வழியனுப்பவில்லை. கூடத்திலேயே நின்று என்னைத்தான் பார்த்தாள், அவனை அல்ல. "அண்ணே, அந்தச் சாட்சிய வச்சுத்தான் அவிய எந்திரிச்சு நிக்கிறாக. ஒங்களுக்கு நிம்மதி வேணும்னா வேற எங்கயாச்சும் போயிருக்கக் கூடாதா?" என்றாள். நான்தான் அவனைத் தூண்டிவிட்டேன் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ. என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் கூப்பிட ஆள் வரவில்லை. விசாரித்தேன், கூட்டமே இல்லை. தவசிமுத்து கோயிலுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது என்றார்கள். குடிக்கவில்லை, சண்டை இல்லை, வேலைக்குப் போகிறான், வருகிறான், பேச்சு மட்டும் இல்லை. சௌந்தரபாண்டியன் அந்தத் தேதியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்து நின்றான். "நான் போறேன் மொதலாளி. வீட்டுக்கு வேண்டாம், மில்லுக்குப் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றான். தனியாக விட எனக்குப் பயம். கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனேன்.

மில் கேட்டில் தவசிமுத்து காக்கிச் சட்டையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முன்னால் மேஜை, அதன்மேல் உள்ளே போகிறவர்கள் பெயரை எழுதும் நோட்டு. எங்களைப் பார்த்தான். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தான்.

"பேரு?"

சௌந்தரபாண்டியன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். "சௌந்தரபாண்டியன்."

"எந்த ஊரு?"

"கான்சாபுரம்."

நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

"யாரப் பாக்கணும்?"

"ஒன்னத்தான் தவசி."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. தவசிமுத்து தலையைத் தூக்காமல், எழுதிய வரியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தான்.

"டூட்டி நேரத்துல வாட்ச்மேனப் பாக்க யாரையும் விடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற லாரிக்காரரைப் பார்த்து, "வாங்க, ஒங்களுக்கு?" என்று கேட்டான்.